பழத்தின் மூச்சு: குளிர்க்கிடங்கில் காற்றை அளந்து வைத்த வரலாறு

பறித்த பழத்துக்கும் உயிர் உண்டு. கிளையை விட்டுப் பிரிந்த பிறகும் அது ஆக்சிஜனை இழுத்துக்கொள்கிறது. மரத்தில் இருந்தபோது சேர்த்துவைத்த சர்க்கரையையும் அமிலத்தையும் சிறிது சிறிதாக எரிக்கிறது. கார்பன் டை ஆக்சைடையும் நீராவியையும் வெப்பத்தையும் வெளியே விடுகிறது. இந்த மூச்சு வேகமாக நடந்தால் பழம் விரைவில் கனிந்து, தளர்ந்து, அழுகும். மெதுவாக நடந்தால் நெடுநாள் தாங்கும். அடியோடு நின்றாலோ பழம் உள்ளுக்குள் புளித்துக் கெட்டுப்போகும். பழச் சேமிப்பின் வரலாறு, மூச்சை நிறுத்தாமல் அதன் வேகத்தை மட்டும் குறைக்க மனிதர் கற்றுக்கொண்ட வரலாறு.

வேகத்தைக் குறைக்க முதல் வழி குளிர். வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் பழத்தின் சுவாசம் ஏறத்தாழ பாதியாகவோ மூன்றில் ஒன்றாகவோ குறையும். இரண்டாவது வழி பழத்தைச் சூழ்ந்துள்ள காற்றை மாற்றுவது. வெளிக்காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடு; கார்பன் டை ஆக்சைடு 0.04 விழுக்காடு. முன்னதைக் குறைத்துப் பின்னதைக் கூட்டினால் மூச்சு இன்னும் தணியும். குளிரின் பயனை மக்கள் நெடுங்காலமாகவே அறிந்திருந்தார்கள். காற்றின் பங்கு என்ன என்பது விளங்க 19ஆம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது.

மண் கலத்திலிருந்து கண்ணாடிக் குப்பிக்கு

காரணம் தெரியாமலே கைப்பழக்கத்தால் காற்றைக் கட்டிய மக்கள் உண்டு. ஆப்கானிஸ்தானில், காபூலுக்கு வடக்கே உள்ள சிற்றூர்களில், திராட்சையைச் சேமிக்க கங்கினா என்ற முறை இன்றும் வழக்கத்தில் இருக்கிறது. களிமண்ணையும் வைக்கோலையும் பிசைந்து வட்டில்களாகத் தட்டி வெயிலில் காயவைக்கிறார்கள். ஒரு வட்டிலில் காயம்படாத திராட்சைகளைப் பரப்பி, மற்றொன்றால் மூடி, விளிம்பைச் சேற்றால் பூசி அடைத்துவிடுகிறார்கள். குளிர்ந்த, இருண்ட அறையில் வைத்த அந்தக் கலம் இலையுதிர் காலத்துத் திராட்சையை மார்ச் மாதத்து நவ்ரோஸ் புத்தாண்டு வரை, ஏறக்குறைய ஆறு மாதம், கெடாமல் காக்கிறது. களிமண் காற்றை முழுதும் தடுப்பதில்லை, முழுதும் விடுவதுமில்லை. உள்ளே பழம் விடும் கார்பன் டை ஆக்சைடு ஓரளவு தேங்க, ஆக்சிஜன் ஓரளவு குறைகிறது. பூஞ்சைக்கு வேண்டிய ஈரமும் காற்றும் அதற்குப் போதுமான அளவு கிடைப்பதில்லை.

இதை அறிவியலாக முதலில் ஆராய்ந்தவர் பிரான்சின் மோன்பெலியே நகரத்து வேதியியலாளர் ஜாக் எத்தியேன் பெரார். பழம் எப்படிக் கனிகிறது என்ற கேள்விக்கு விடை தருவோருக்குப் பிரெஞ்சு அறிவியல் கழகம் பரிசு அறிவித்திருந்தது. பெரார் தமது ஆய்வை 1821இல் வெளியிட்டு அந்தப் பரிசைப் பெற்றார். பழம் ஆக்சிஜனை எடுத்துக் கார்பன் டை ஆக்சைடை விடுகிறது என்பதையும், ஆக்சிஜன் இல்லாத இடத்தில் அது கனிவதில்லை என்பதையும் அவர் நிறுவினார். சுண்ணாம்பையும் இரும்பு சல்பேட்டையும் நீரில் குழைத்துக் குப்பியின் அடியில் வைத்தார்; அந்தக் குழைவு உள்ளிருந்த ஆக்சிஜனை உறிஞ்சிக்கொண்டது. அதற்கு மேலே, கனிவதற்குச் சில நாள் முன்பு பறித்த பழங்களை வைத்து வாயை அடைத்தார். பீச், பிளம், ஏப்ரிகாட் பழங்கள் 20 நாள் முதல் ஒரு மாதம் வரையும், பேரியும் ஆப்பிளும் மூன்று மாதம் வரையும் நின்றன. வெளியே எடுத்ததும் மீண்டும் கனியத் தொடங்கின.

பெரார் காட்டிய வழி அடுத்த 100 ஆண்டுகள் வணிகத்தில் வேர்விடவில்லை. அமெரிக்காவின் கிளீவ்லண்டில் 1860களில் பெஞ்சமின் நைஸ் என்பவர் பனிக்கட்டியால் குளிர்வித்து, காற்றுப் புகாமல் தகடு பதித்து ஒரு பழக்கிடங்கை நடத்தினார். அந்த முயற்சி அவரோடு நின்றுபோனது. காற்றை எந்த அளவில் நிறுத்தவேண்டும் என்பதற்கு அப்போது யாரிடமும் கணக்கு இல்லை.

போர் தந்த அவசரம்

அந்தக் கணக்கு இங்கிலாந்தில் பிறந்தது. கேம்பிரிட்ஜில் பிராங்க்லின் கிட் என்ற தாவரவியலாளர், ஈரமான விதைகளைக் கார்பன் டை ஆக்சைடு மிகுந்த காற்றில் வைத்தால் அவை முளைக்காமல் உறங்குகின்றன என்று 1914இல் எழுதினார். முதல் உலகப்போர் மூண்டது. உணவுக்குக் கடல்வழியை நம்பியிருந்த பிரிட்டன், நீர்மூழ்கிக் கப்பல்களின் தாக்குதலால் திணறியது. உணவு வீணாவதைத் தடுக்க 1917இல் உணவு ஆய்வு வாரியம் அமைந்தது. அதன் ஆதரவில் கிட், சிரில் வெஸ்ட் என்ற தோழருடன் சேர்ந்து பழத்தின் பக்கம் திரும்பினார். விதையை உறங்கவைக்கும் காற்று பழத்தையும் உறங்கவைக்குமா என்பதே அவர்கள் முன்னிருந்த கேள்வி.

அந்தக் கேள்விக்கு இங்கிலாந்தில் ஒரு தனித் தேவையும் இருந்தது. சமையலுக்கு உகந்த பிராம்லி ஆப்பிள் கென்ட் மாவட்டத் தோட்டங்களின் முக்கிய விளைச்சல். வழக்கமான குளிர்க்கிடங்கின் வெப்பநிலையை அது தாங்காது. சுமார் 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே நெடுநாள் இருந்தால் அதன் சதை பழுப்பேறிச் சிதைந்துவிடும். அதற்கு மேல் வெப்பத்தில் வைத்தால் மாதங்கள் தாங்காமல் கனிந்துவிடும். குளிரை இன்னும் கூட்ட முடியாத இடத்தில் காற்றுதான் கைகொடுக்கவேண்டும்.

காற்றும் அளவு மீறினால் என்ன செய்யும் என்பதைக் கப்பல்கள் காட்டின. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஆப்பிள் சரக்கு 1920களின் தொடக்கத்தில், வெளியே பளபளப்பாகவும் உள்ளே பழுப்பாகவும் இங்கிலாந்து வந்து சேர்ந்தது. கிட்டும் வெஸ்ட்டும் இதை ஆராய்ந்து 1923இல் அறிக்கை தந்தார்கள். குளிர் போகாதிருக்க இறுக அடைத்த சரக்கறையில், பழங்கள் தாமே விட்ட கார்பன் டை ஆக்சைடு தேங்கி, அதுவே அவற்றின் உட்சதையைக் கொன்றிருந்தது. 'பழுப்பு நெஞ்சு' என்று பொருள்படும் பெயரை அந்தக் கேட்டுக்குச் சூட்டினார்கள். சரக்கறைக்குள் புதுக்காற்று விடவேண்டும் என்பது உடனடிப் பாடம். பழத்துக்குப் பழம், வகைக்கு வகை, தாங்கும் அளவு வேறு என்பது நீடித்த பாடம்.

ஆப்பிளின் சுவாசம் கனியும் தறுவாயில் திடீரென உயர்ந்து, உச்சியைத் தொட்டு, பிறகு இறங்குவதையும் இவ்விருவர் 1920களின் நடுவில் கண்டு விளக்கினார்கள். ஆப்பிள், பேரி, வாழை, மா போன்றவை இந்த ஏற்றம் உள்ளவை. திராட்சை, ஆரஞ்சு, ஸ்ட்ராபெர்ரி போன்றவை இல்லாதவை. ஏற்றம் தொடங்குமுன் பழத்தைப் பறித்துக் காற்றைக் கட்டினால் அதை மாதக்கணக்கில் தள்ளிப்போடலாம். தொடங்கிவிட்டால் எந்தக் கிடங்கும் பெரிதாக உதவாது. எந்த நாளில் பறிப்பது என்பது சேமிப்பின் பகுதியாக மாறியது இங்கிருந்துதான்.

பத்தாண்டுக்கால உழைப்பின் விளைவை அவர்கள் 1927இல் ஒரே அறிக்கையாகத் தொகுத்தார்கள். இரண்டு ஆண்டுகளில், 1929இல், கென்ட்டின் கேன்டர்பரிக்கு அருகே ஒரு விவசாயி உலகின் முதல் வணிகக் காற்றுக் கிடங்கைக் கட்டினார். 30 டன் பிராம்லி ஆப்பிள்கள் சுமார் 10 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடில் வைக்கப்பட்டன. காற்றை வெளியிலிருந்து கொண்டுவந்து நிரப்பவில்லை. தகடு பதித்த அறையில் இணைப்புகளை வாசலின் பூசி அடைத்தால் போதும், பழமே அந்தக் காற்றை உண்டாக்கிக்கொள்ளும். எடுக்கும் ஆக்சிஜனுக்கு ஈடாகவே பழம் கார்பன் டை ஆக்சைடை விடுவதால் இரண்டும் சேர்ந்து எப்போதும் 21 விழுக்காடாக இருக்கும். ஒன்று 10ஐத் தொட்டால் மற்றது 11. அதற்கு மேல் போகாமல் ஒரு துளையைத் திறந்து புதுக்காற்று விடுவதே காவலாளியின் வேலை. 1938க்குள் இங்கிலாந்தில் இத்தகைய கிடங்குகள் 200ஐத் தாண்டின. கென்ட்டின் ஈஸ்ட் மாலிங் அருகே நிறுவிய டிட்டன் ஆய்வகத்தில், கப்பல் சரக்கறையைப் போலவே ஒரு அறை கட்டிக் கடல் பயணத்தைத் தரையிலேயே சோதித்தார்கள்.

கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது வாயு

ஆக்சிஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் அளந்துகொண்டிருந்தபோதே மூன்றாவது வாயு ஒன்று கணக்கில் குறுக்கிட்டது. விளக்கு எரிக்கும் வாயு கசிந்த இடங்களில் செடிகள் கோணி வளர்வதற்கு எத்திலீன்தான் காரணம் என்று ரஷ்யாவில் திமித்ரி நெல்யுபோவ் 1901இல் கண்டார். ஆரஞ்சுடன் சேர்த்து வாழையைக் கப்பலில் ஏற்றினால் வாழை முன்னதாகவே பழுத்துவிடுகிறது என்று ஜமைக்காவிலிருந்து 1910இல் எச்சரிக்கை வந்தது. கலிபோர்னியாவில் பச்சை எலுமிச்சைகளை மஞ்சளாக்க மண்ணெண்ணெய் அடுப்பு மூட்டிய அறைகளில் வைப்பார்கள். வெப்பம்தான் காரணம் என்று நம்பி நீராவிக் குழாய்க்கு மாறியபோது நிறம் மாறவில்லை. புகையில் இருந்த எத்திலீன்தான் அந்த வேலையைச் செய்தது என்று டென்னி என்ற ஆய்வாளர் 1924இல் காட்டினார். கனியத் தூண்டும் அந்த வாயுவைப் பழமே உண்டாக்குகிறது என்பதை 1934இல் ரிச்சர்ட் கேன் ஆப்பிளில் நிறுவினார்.

தமிழ்நாட்டு வாழைமண்டிகள் இந்த உண்மையைக் கைப்பழக்கமாக நெடுநாள் கையாண்டு வந்தன. குழியிலோ அடைத்த அறையிலோ வாழைத்தார்களை அடுக்கி, சருகால் மூடி, புகையை உள்ளே செலுத்தி, வாயை மண்ணால் பூசி ஒரு நாள் விடுவது மூட்டம் போடுதல். மாங்காயை வைக்கோலில் புதைப்பதும், அரிசிப் பானையில் வைப்பதும் இதன் வீட்டு வடிவங்கள். காற்றை அடைத்தால் பழம் விடும் எத்திலீனும் அடைபடும். புகை அதைக் கூட்டும். இதே இடத்தைப் பின்னாளில் கால்சியம் கார்பைடு பிடித்தது. அது தரும் அசெட்டிலீன் எத்திலீனைப் போல வேலை செய்தாலும், தொழிற்சாலைக் கார்பைடில் ஆர்செனிக், பாஸ்பரஸ் மாசு கலந்திருக்கும். இந்தியச் சட்டம் அதைத் தடைசெய்திருக்கிறது; அடைத்த பழுக்கவைப்பு அறையில் அளவான எத்திலீனை அனுமதிக்கிறது.

மூட்டமும் குளிர்க்கிடங்கும் ஒரே விதியின் இரு முனைகள். ஒன்றில் எத்திலீன் தேங்கவேண்டும். மற்றதில் தேங்கவே கூடாது. ஆக்சிஜன் குறைந்தால் பழம் எத்திலீனை உண்டாக்குவது தடைபடும். கார்பன் டை ஆக்சைடு கூடினால் இருக்கும் எத்திலீனின் வேலை மந்தமாகும். காற்றைக் கட்டும் முறை ஏன் பலித்தது என்பதற்கு, சுவாசம் தணிவதோடு, இந்த விளக்கமும் சேர்ந்துகொண்டது.

அமெரிக்காவில் புதுப்பெயர், புது அளவு

கிட்டிடம் நேரில் கற்ற ராபர்ட் ஸ்மாக் இந்த முறையை அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றார். நியூயார்க் மாநிலத்தின் மக்கின்டோஷ் ஆப்பிளும் பிராம்லியைப் போலக் கடுங்குளிருக்கு அஞ்சும் வகை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஸ்மாக்கும் வான் டோரனும் 1941இல் வெளியிட்ட ஆய்வில், இங்கிலாந்தில் 'வாயுச் சேமிப்பு' என்று வழங்கியதைக் 'கட்டுப்படுத்திய காற்றுச்சூழல்' என்று அழைத்தார்கள். பெயருக்கு ஏற்பக் கட்டுப்பாடும் நுணுகியது. கார்பன் டை ஆக்சைடை எரிசோடாக் கரைசலிலோ நீரிலோ சுண்ணாம்பிலோ கரைத்து நீக்கக் கற்றதும், 21 என்ற கூட்டுத்தொகையின் கட்டு அறுந்தது. மக்கின்டோஷுக்கு 3 விழுக்காடு ஆக்சிஜனும் 5 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடும் என இரண்டையும் தனித்தனியே நிறுத்த முடிந்தது.

ஆக்சிஜன் அளவின் இறக்கம் அதோடு நிற்கவில்லை. நைட்ரஜனைப் பிரித்துத் தரும் இயந்திரங்கள் வந்ததும் அறையின் ஆக்சிஜனைச் சில நாளில் கீழே கொண்டுவர முடிந்தது. கென்ட்டில் காக்ஸ் ஆப்பிளை 1.25 விழுக்காடு ஆக்சிஜன் வரை இறக்கி வைத்தார்கள். அதற்கும் கீழே ஒரு விளிம்பு உண்டு. அதைத் தாண்டினால் பழம் ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை உடைக்கத் தொடங்கும். எத்தனாலும் அசெட்டால்டிஹைடும் சேர்ந்து கள்வாடை அடிக்கும். அந்த விளிம்பு எங்கே என்று பழத்திடமே கேட்கும் முறையை, கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் உள்ள கென்ட்வில் ஆய்வாளர்கள் 2000களின் தொடக்கத்தில் உருவாக்கினார்கள். மூச்சுத் திணறும் ஆப்பிளின் தோலில் உள்ள பச்சையம் வெளியிடும் ஒளிர்வு மாறும். அந்த மாற்றத்தை உணர்கருவி கண்டதும் ஆக்சிஜனைச் சற்றே உயர்த்துவார்கள்.

அறையிலிருந்து உறைக்கு

காற்றைக் கட்ட முழு அறை வேண்டும் என்ற நிலையைப் பாலித்தீன் மாற்றியது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் 1950களில் பேரி, ஆப்பிள், செர்ரிப் பெட்டிகளுக்குள் பாலித்தீன் உறை போட்டு, வாயைக் கட்டிக் குளிர்க்கிடங்கில் அடுக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு பெட்டியும் ஒரு குட்டிக் கிடங்கானது. பழம் சுருங்காமல் ஈரம் காப்பதே முதல் நோக்கம். காற்று மாறுவது கூடவே கிடைத்த பயன். டிட்டன் ஆய்வகத்தின் டாம்கின்ஸ் 1962இல், உறைக்குள் எந்தக் காற்று நிலைபெறும் என்பதை விளக்கினார். பழம் ஆக்சிஜனை எடுக்கும் வேகமும், உறையின் வழியே ஆக்சிஜன் உள்ளே வரும் வேகமும் சமமாகும் புள்ளியில் காற்று நின்றுவிடும். அந்தப் புள்ளியைப் பழத்தின் எடை, உறையின் பரப்பு, அதன் தடிப்பு, வெப்பநிலை ஆகியவை சேர்ந்து தீர்மானிக்கின்றன.

பாலித்தீன் ஆக்சிஜனைவிடக் கார்பன் டை ஆக்சைடை மூன்று முதல் ஆறு மடங்கு எளிதாகக் கடத்தும். அதனால் உறைக்குள் ஆக்சிஜன் மிகவும் குறைந்தாலும் கார்பன் டை ஆக்சைடு அந்த அளவுக்கு ஏறாது. ஆப்பிளுக்கும் வாழைக்கும் இந்த இயல்பு பொருந்தும். ஸ்ட்ராபெர்ரி, செர்ரி போன்றவற்றுக்கு, சாம்பல் பூஞ்சையை அடக்க 10 முதல் 15 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு வேண்டும். சாதாரணப் படலம் அதைத் தராது. கலிபோர்னியா ஸ்ட்ராபெர்ரியை அடுக்குப்பலகையோடு பெரிய உறையால் மூடி, கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தி அனுப்பும் முறை 1960களில் எழுந்தது அதனால்தான். படலத்தில் நுண்துளையிடும் முறையும் இதே தேவைக்கு விடை. துளை வழியே இரண்டு வாயுக்களும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் போவதால், பழைய 21 விழுக்காட்டுக் கணக்கே திரும்ப வந்து கார்பன் டை ஆக்சைடு உயர்ந்து நிற்கும். பிரான்சில் மார்செலன் என்ற ஆய்வாளர் 1966 வாக்கில், பெரிய உறையில் சிலிக்கோன் ரப்பர் சாளரம் ஒன்றைப் பொருத்தி, டன் கணக்கான பழத்துக்கும் உறையே கிடங்காக வழிசெய்தார்.

வாழை வணிகத்தையே உறை மாற்றியது. க்ரோ மிஷேல் வகையைப் பனாமா வாடல் நோய் அழித்த பிறகு, அதன் இடத்துக்கு வந்த கேவண்டிஷ் எளிதில் அடிபடும். முழுத் தாராகக் கப்பலேறிய பழம், சீப்புகளாகப் பிரிந்து பாலித்தீன் விரித்த அட்டைப்பெட்டிக்குள் அடங்கியது. வாழையை 13 டிகிரிக்குக் கீழே குளிர்விக்க முடியாது, தோல் கறுத்துவிடும். அந்தக் குறையைக் காற்றால் ஈடுசெய்தார்கள். யுனைட்டெட் புரூட் நிறுவனம் காப்புரிமை பெற்ற முறையில், 0.04 மில்லிமீட்டர் தடிப்புள்ள பாலித்தீன் பையில் 18 கிலோ பழத்தை வைத்துக் காற்றை உறிஞ்சி மூடுவார்கள். பயணத்தின்போது உள்ளே சுமார் 2 விழுக்காடு ஆக்சிஜனும் 5 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடும் நிலைபெறும். ஆஸ்திரேலியாவில் ஸ்காட்டும் தோழர்களும் 1970இல், பொட்டாசியம் பெர்மாங்கனேட் ஊறிய பொருளைப் பைக்குள் வைத்து எத்திலீனையும் உறிஞ்சவைத்தார்கள். காய் பச்சையாக இருக்கும் நாள்கள் இன்னும் நீண்டன.

உறையின் பலவீனம்

அறைக்கு ஆள் காவல் உண்டு, உறைக்கு இல்லை. வெப்பம் 10 டிகிரி கூடினால் பழத்தின் சுவாசம் இரண்டு மூன்று மடங்காகப் பெருகும், உறையின் கடத்துதிறன் அந்த வேகத்தில் பெருகாது. எனவே 0 டிகிரிக்குக் கணக்கிட்டுச் செய்த உறை லாரியிலோ கடையிலோ 20 டிகிரியில் கிடந்தால், உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து பழம் புளித்துவிடும். குளிரும் வெப்பமும் மாறிமாறி வந்தால் உறையின் உட்புறம் நீர் துளிர்த்து, பூஞ்சைக்கு இடம் கொடுக்கும். குளிர்ச்சங்கிலி அறுபடும் இடத்தில் இறுக மூடிய உறை திறந்த பெட்டியைவிடக் கேடானது. பல வணிகர்கள் துளையிட்ட உறையை விரும்புவதற்குக் காரணம் இதுவே.

தரத்தின் எல்லா முகங்களையும் காற்று ஒரே மாதிரி காப்பதில்லை. இறுக்கம், புளிப்பு, தோலின் பச்சை ஆகியவை நன்றாக நிற்கின்றன. மணம் அப்படியில்லை. ஆப்பிளின் வாசனையைத் தரும் எஸ்டர்கள் கனிதலோடு சேர்ந்து பிறப்பவை. எட்டு, பத்து மாதம் குறைந்த ஆக்சிஜனில் கிடந்த ஆப்பிள் கடிக்க மொறுமொறுப்பாக இருக்கும். மணம் புதுப்பழத்தின் அளவுக்குத் திரும்பாது. ஃபியூஜி போன்ற வகைகள் கார்பன் டை ஆக்சைடு சற்றுக் கூடினாலும் உள்ளே பழுப்பேறும். நூறு ஆண்டுக்கு முன் கப்பலில் கண்ட பழுப்பு நெஞ்சுதான் அது.

எத்திலீன் பழத்தில் செயல்படும் கதவையே அடைக்கும் 1-மெத்தில்சைக்ளோபுரோப்பீன் என்ற சேர்மத்துக்கு வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிஸ்லரும் பிளாங்கன்ஷிப்பும் 1996இல் காப்புரிமை பெற்றார்கள். 2000களின் தொடக்கத்திலிருந்து அது ஆப்பிளுக்குப் பரவலாகப் பயன்படுகிறது. அதனால் காற்றுக் கிடங்கின் இடம் போய்விடவில்லை. இரண்டும் சேர்ந்தே பெரும்பாலும் வேலை செய்கின்றன.

இந்தியாவில் இந்த முறை 2000களின் நடுவில் ஹிமாச்சலப் பிரதேசத்து ஆப்பிள் மலைகளில் பெரிய அளவில் இறங்கியது. அதற்கு முன், ஜூலை முதல் அக்டோபர் வரை பறித்த ஆப்பிள் அனைத்தும் சில வாரங்களில் சந்தைக்கு வந்து குவிந்தது, விலை வீழ்ந்தது. இப்போது அதில் ஒரு பகுதி கிடங்குகளில் அளந்த காற்றில் உறங்கி, கோடைத் தொடக்கம் வரை தெற்கே வந்துகொண்டிருக்கிறது. கதவு திறந்து வெளிக்காற்று பட்டதும் பழம் விட்ட இடத்திலிருந்து மூச்சைத் தொடர்கிறது. அதன்பின் சில நாள்களே அதற்கு எஞ்சியிருக்கும். அவற்றையும் குளிரில் கழிக்கவைப்பது கடைக்காரரின் பொறுப்பு, வாங்கியவரின் பொறுப்பு.